ஹான்ஸ் செல்யே: 'ஸ்ட்ரெஸ்' தந்தவரும் எலிகளின் பெருத்த இதயமும்

இன்று காலையிலிருந்து எத்தனை முறை 'ஸ்ட்ரெஸ்' என்று சொல்லியிருப்பீர்கள்?

தேர்வு, வேலை, வீட்டு வாடகை, இரண்டு நீலக் குறி விழுந்தும் பதில் வராத வாட்ஸ்அப் என எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். மன உளைச்சல், மன அழுத்தம் என்று தமிழில் சொற்கள் இருக்கின்றன. ஆனாலும் நண்பரிடம் பேசும்போது வாயில் வருவது 'ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு'தான்.

பொறியாளர்கள் இரும்புக்கும் பாலத்துக்கும் பயன்படுத்திவந்த சொல் அது. அதை உடம்புக்குக் கொண்டுவந்து உலகம் முழுக்கப் பரப்பியவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து, கனடாவின் மொன்ட்ரியல் நகரில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த மருத்துவர். 1982இல் காலமானார்.

அவரைப் பற்றிப் பலருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். ஹார்மோன் மருந்தையும் உப்பையும் கொடுத்து விலங்குகளின் இதயத்தைப் பெரிதாக்கிக் காட்டியவரும் அவர்தான் என்பது அதிகம் பேசப்படாத பக்கம். அந்தச் சோதனை முறை இன்றும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. அதிலிருந்து கிளம்பிய ஒரு கேள்வி உங்கள் வீட்டு மருந்துப் பெட்டி வரைக்கும் வருகிறது.

சோதித்தது ஆண் எலியிலா, பெண் எலியிலா?

எளிமையான கேள்விதான். ஆனால் அதைக் கேட்க அறிவியல் உலகம் ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது.

யார் இந்த ஹான்ஸ் செல்யே?

1907ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி, அப்போதைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் தலைநகரான வியன்னாவில் பிறந்தார். அப்பா ஹங்கேரியர், ராணுவ அறுவை மருத்துவர். அம்மா ஆஸ்திரியர். டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் கொமாரோம் என்ற ஊரில் வளர்ந்தார்.

முதல் உலகப் போர் முடிந்ததும் பேரரசு சிதறியது. புதிய எல்லைக்கோடு அவருடைய ஊரின் நடுவிலேயே விழுந்தது. ஆற்றின் ஒரு கரை செக்கோஸ்லோவாக்கியா, மறு கரை ஹங்கேரி. வீடு மாறாமலே நாடு மாறிய பிள்ளைகளில் செல்யேயும் ஒருவர். சின்ன வயதிலிருந்தே பல மொழிகள் பேசினார். நம்மைப்போல ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போது ஒரு மொழி, முடிக்கும்போது இன்னொரு மொழி என்று வாழ்ந்திருக்கலாம்.

17 வயதில் பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அங்கே நடந்த ஒரு வகுப்பைப் பற்றி அவர் பிற்காலத்தில் பலமுறை எழுதியிருக்கிறார்.

பேராசிரியர் வெவ்வேறு நோயாளிகளை மாணவர்கள் முன்னால் நிறுத்தினார். ஒவ்வொரு நோய்க்கும் தனி அடையாளம் உண்டு, அதைக் கண்டுபிடிப்பதுதான் பாடம். மற்ற மாணவர்கள் வித்தியாசங்களைக் குறித்துக்கொண்டார்கள். செல்யேயின் கண்ணில் பட்டது வேறு. எல்லா நோயாளிக்கும் உடம்பு வலி, பசியில்லை, எடை குறைந்திருக்கிறது, முகம் வாடியிருக்கிறது. எந்த நோய் என்றாலும் எல்லாருமே 'நோயாளி மாதிரி' இருக்கிறார்களே, அது ஏன்?

அன்றைக்கு அது அசட்டுக் கேள்வியாகத் தெரிந்தது. நோயாளி என்றால் நோயாளி மாதிரிதானே இருப்பார்! கேள்வியை அப்படியே விட்டுவிட்டார். சுமார் 10 ஆண்டு கழித்து அது திரும்பி வந்தது.

கசாப்புக்கூடத்திலிருந்து ஒரு வாளி

1929இல் மருத்துவப் பட்டம். 1931இல் வேதியியலில் முனைவர் பட்டம். அடுத்து ராக்ஃபெல்லர் உதவிநிதியோடு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1932இல் மொன்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே அவருடைய மேலாளர் ஜேம்ஸ் காலிப். டொரொன்டோவில் இன்சுலினைச் சுத்திகரித்து மனிதர்களுக்குக் கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்த குழுவில் இருந்தவர்.

அந்தக் காலத்தில் ஹார்மோன் ஆய்வுதான் பரபரப்பான துறை. புது ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடித்தால் பெயரும் புகழும் நிச்சயம். செல்யே தேடியது பெண் பாலின ஹார்மோன் ஒன்றை. கசாப்புக்கூடத்திலிருந்து பசுக்களின் சூலகங்களை, அதாவது கருமுட்டை உருவாகும் உறுப்புகளை, வாங்கிவருவார். அவற்றின் சாற்றை எடுத்து எலிகளுக்கு ஊசி போடுவார்.

எலிகளின் உடம்பை அறுத்துப் பார்த்தபோது 3 மாற்றங்கள் தெரிந்தன.

முதலாவது, சிறுநீரகத்துக்கு மேலே தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வீங்கியிருந்தது.

இரண்டாவது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பியும் நிணநீர் முடிச்சுகளும் சுருங்கியிருந்தன.

மூன்றாவது, இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் புண்.

அப்போது அறியப்பட்ட எந்த ஹார்மோனும் இப்படிச் செய்வதில்லை. புதிய ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று இளைஞர் துள்ளிக் குதித்தார்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. நஞ்சுக்கொடியின் சாற்றைக் கொடுத்தார், அதே 3 மாற்றங்கள். சிறுநீரகம், மண்ணீரல் என்று எந்த உறுப்பின் சாற்றைக் கொடுத்தாலும் அதேதான். கடைசியில் திசுக்களைப் பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மலினை ஊசியில் ஏற்றினார். அதற்கும் அதே விளைவு. அப்படியென்றால் புது ஹார்மோன் எதுவும் இல்லை. சுத்தமில்லாத, எரிச்சலூட்டும் எந்தப் பொருளை ஏற்றினாலும் எலியின் உடம்பு ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பெரும்பாலானோர் குறிப்பேட்டை மூடிவைத்திருப்பார்கள். செல்யேக்கு பிராக் வகுப்பு நினைவுக்கு வந்தது. எந்தத் தொல்லை வந்தாலும் உடம்பு பொதுவாகக் காட்டும் ஒரு பதில் இருக்கிறதோ? எலிகளைக் குளிரில் வைத்தார், காயப்படுத்தினார், களைத்துப்போகும் வரை ஓடவிட்டார், மருந்துகளை அளவுக்கு மீறிக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் அதே 3 மாற்றங்கள்.

1936ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி, 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு பக்கம்கூட நிரம்பாத குறிப்பு ஒன்று வெளிவந்தது. இன்று ஸ்ட்ரெஸ் ஆய்வின் பிறப்புச் சான்றிதழாக அதைத்தான் சொல்கிறார்கள். உடம்பு முதலில் அபாயமணி அடிக்கிறது, பிறகு தாக்குப்பிடிக்கிறது, தொல்லை தொடர்ந்தால் ஓய்ந்துபோகிறது என்று 3 கட்டங்களாக அதை அவர் விளக்கினார்.

'ஸ்ட்ரெஸ்' என்ற பெயர் அதற்குப் பின்னால்தான் நிலைத்தது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இயற்பியலில் ஸ்ட்ரெஸ் என்பது வெளியிலிருந்து வரும் விசை. அதனால் பொருளில் ஏற்படும் மாற்றத்துக்கு 'ஸ்ட்ரெயின்' என்று பெயர். உடம்பில் நடப்பதுக்குப் பொருத்தமான சொல் இரண்டாவதுதான். தன் ஆங்கிலம் அப்போது இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருந்தால் அதையே வைத்திருப்பேன் என்ற பொருளில் செல்யே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஒரு மொழித் தடுமாற்றத்தால் நாம் எல்லாரும் இன்று 'ஸ்ட்ரெஸ்' என்கிறோம்!

சரி, இதயம் எப்படிப் பெரிதானது?

1940களின் தொடக்கத்தில் செல்யேயின் கவனம் அட்ரினல் சுரப்பியின் மேல் திரும்பியது. தொல்லை வரும்போதெல்லாம் அது வீங்குகிறது என்றால், அதிலிருந்து வரும் ஹார்மோன் அளவுக்கு மீறிப் போனால் என்ன ஆகும்?

அதைச் சோதிக்க அவர் கையிலெடுத்த மருந்தின் சுருக்கப் பெயர் டோக்கா. அட்ரினல் ஹார்மோன் ஒன்றின் செயற்கை வடிவம் அது. அந்தச் சுரப்பி பழுதடைந்த அடிசன் நோயாளிகளுக்கு மருந்தாகவும் கொடுக்கப்பட்டது. அதன் வேலை, உடம்பிலிருந்து சோடியம் வெளியேறிவிடாமல் பிடித்துவைக்கச் சொல்லிச் சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுவது.

முதலில் கோழிக்குஞ்சுகளுக்கும் பிறகு எலிகளுக்கும் டோக்காவை அதிக அளவில் கொடுத்தார். எலிகளுக்குக் குடிக்க உப்புத் தண்ணீர். ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் விளைவு இன்னும் வேகமாக வந்தது. ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரகத்தில் தழும்பு விழுந்தது, இதயம் பெருத்தது.

இதயம் பெருப்பது என்றால் என்ன? உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கினால் கைத்தசை தடிக்கும், இல்லையா? இதயமும் தசைதான். ரத்த அழுத்தம் கூடினால், ஒவ்வொரு துடிப்பிலும் அது அதிக பலத்தோடு ரத்தத்தைத் தள்ள வேண்டும். அதனால் சுவர் தடிக்கிறது. கைத்தசை தடித்தால் அழகு. இதயச் சுவர் இப்படித் தடித்தால் ஆபத்து. விறைப்பாகி, இடையில் தழும்புத் திசு வளர்ந்து, நாளடைவில் ரத்தத்தைச் சரியாக நிரப்பவும் முடியாமல், தள்ளவும் முடியாமல் போகலாம்.

இங்கே முக்கியமான ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உப்பைக் குறைத்துவிட்டால் அதே மருந்து பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. மருந்து மட்டும் தனியாக எதையும் முடிவு செய்வதில்லை, அது யாருக்கு, எந்தச் சூழலில் கொடுக்கப்படுகிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. இவற்றை 'நிபந்தனைக் காரணிகள்' என்ற பொருள்படும் பெயரில் செல்யே எழுதிவைத்தார். உணவு, பரம்பரை, வயது ஆகியவற்றோடு ஆணா பெண்ணா என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அவர் கொடுத்த அளவுகள் இயற்கையில் வராத அளவுகள், அதை வைத்து மனித நோய்களைப் பற்றிப் பேசக்கூடாது என்று அப்போதே பலர் குறைசொன்னார்கள். அதில் நியாயமும் இருந்தது. மூட்டுவலி முதல் ரத்த அழுத்தம் வரை பல நோய்களை ஸ்ட்ரெஸ் கணக்கில் எழுதியபோது அவர் எல்லை தாண்டித்தான் போனார்.

ஆனால் முழுக்கத் தவறும் இல்லை. 1953இல் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டது. 1955இல் ஜெரோம் கான் என்ற அமெரிக்க மருத்துவர், அட்ரினல் சுரப்பியில் ஏற்பட்ட கட்டியால் அந்த ஹார்மோன் அதிகம் சுரந்து ரத்த அழுத்தம் ஏறிய நோயாளியைப் பற்றி அறிவித்தார். செல்யே எலிகளில் மருந்தால் உண்டாக்கிய நிலைமைக்கு நெருக்கமான ஒன்று மனிதர்களிடம் இயற்கையாகவே இருந்தது. இந்த வகை ஹார்மோன்களுக்கு செல்யே வைத்த 'மினரலோகார்ட்டிகாய்டு' என்ற பெயரை மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

அந்த ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை, கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடையே மரணத்தைச் சுமார் 30 விழுக்காடு குறைத்ததாக 1999இல் வெளியான பெரிய மருத்துவச் சோதனை காட்டியது. அதே சோதனையில், மருந்தை எடுத்த ஆண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு மார்பகம் பெருத்தது அல்லது வலித்தது. ஒரே மாத்திரையிலும் ஆணுக்குத் தனிக் கணக்கு ஒன்று இருந்தது.

ஆண் எலி, பெண் எலி: என்ன வித்தியாசம்?

செல்யேயின் டோக்கா-உப்பு முறையைப் பிற்கால ஆய்வாளர்கள் இரு பாலின எலிகளிலும் செய்து ஒப்பிட்டார்கள். அதே மருந்து, அதே உப்பு. ஆனால் ஆண் எலிகளின் ரத்த அழுத்தம் வேகமாகவும் கடுமையாகவும் ஏறியது. பெண் எலிகள் ஓரளவு தாக்குப்பிடித்தன. பெண் எலிகளின் சூலகத்தை எடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு குறைந்தது. செல்யே ஒரு காலத்தில் வாளியில் சுமந்துவந்த அதே உறுப்பு!

இதை அளப்பதே தனிக் கலை. ஆண் எலி உருவத்தில் பெரியது, அதனால் அதன் இதயமும் இயல்பாகவே கனமானது. இதயத்தின் எடையை நேரடியாக ஒப்பிட்டால் தவறான விடை வரும். உடல் எடையால் வகுக்கலாமா? நோய்வாய்ப்பட்ட எலி மெலிந்துவிடும். அப்போது இதயம் வளராமலே விகிதம் கூடிவிடும். அதனால் பலர் முழங்காலுக்குக் கீழே உள்ள கால் எலும்பின் நீளத்தால் வகுக்கிறார்கள். உடம்பு மெலிந்தாலும் எலும்பின் நீளம் குறையாது, பாருங்கள்.

அப்படியென்றால் பெண் இதயம் எப்போதும் பாதுகாப்பானதா? அப்படி முடிவுக்கு வந்துவிடாதீர்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் டாக்சோரூபிசின் மருந்தைப் பாருங்கள். அது இதயத்தசையைப் பலவீனப்படுத்தக்கூடியது, இதய அறை தளர்ந்து விரிவடையவும் காரணமாகலாம். வயதுவந்த எலிகளில் பல ஆய்வுகள் ஆண்களுக்கே பாதிப்பு அதிகம் என்று காட்டின. ஆனால் குழந்தைப் பருவத்தில் அந்த மருந்தைப் பெற்ற மனிதர்களைப் பின்தொடர்ந்த 1995ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு, பெண் பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம் என்றது.

ஆக, 'பெண்ணுக்கு நல்லது, ஆணுக்குக் கெட்டது' என்று ஒரே வரியில் முடிக்க முடியாது. எந்த மருந்து, எந்த வயது, அந்த வயதில் எந்த ஹார்மோன் எவ்வளவு என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முதலில் இரண்டு பாலினமும் சோதனையில் இருக்க வேண்டும்.

பெண் எலிகள் ஏன் காணாமல் போயின?

இந்த வித்தியாசம் திடீரென்று தெரியவந்ததல்ல. செல்யே மொன்ட்ரியலுக்கு வந்த அதே 1932இல், மயக்க மருந்து ஒன்றைச் சோதித்த ஆய்வாளர்கள், பெண் எலியைத் தூங்கவைக்க ஆண் எலிக்குத் தேவையானதில் சுமார் பாதி அளவே போதும் என்று எழுதிவிட்டார்கள்.

இருந்தும் பல துறைகளில் ஆண் விலங்குகளை மட்டும் பயன்படுத்தும் பழக்கம் வேரூன்றியது. சொன்ன காரணம், பெண் எலியின் ஹார்மோன் 4, 5 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும், அதனால் முடிவுகள் குழம்பும் என்பது.

2009இல் வெளியான ஆய்வுக் கட்டுரைகளை எண்ணிப் பார்த்தவர்கள், 10 உயிரியல் துறைகளில் 8 துறைகள் ஆண் விலங்குகள் பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டார்கள். நரம்பியலில் ஒரு பெண் விலங்கு ஆய்வுக்கு 5.5 ஆண் விலங்கு ஆய்வு என்ற கணக்கு. 2014இல் இன்னொரு குழு 293 கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்தது. பெண் சுண்டெலிகளின் முடிவுகள் ஆண் சுண்டெலிகளைவிட அதிகம் குழம்பவில்லை. பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த காரணத்துக்கே அடிப்படை இல்லை!

மனிதர்களிடமும் இதே கதைதான். கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1977இல் அறிவுறுத்தியது. கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து வரக்கூடாது என்ற அக்கறையில் எடுத்த முடிவு. 1993இல்தான் அது திரும்பப் பெறப்பட்டது.

விலையைக் கொடுத்தது யார்? 1997 தொடங்கி 2000 வரை அமெரிக்காவில் விற்பனையிலிருந்து மீட்கப்பட்ட 10 மருந்துகளில் 8, பெண்களுக்கு அதிக ஆபத்து ஏற்படுத்தியவை என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2001இல் சொன்னது. அவற்றில் சில, பெண்கள் அதிகம் எடுத்த மருந்துகள் என்பதும் ஒரு காரணம். இன்னும் சில, இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைத்த மருந்துகள். 2013இல் சோல்பிடெம் தூக்க மாத்திரைக்கு, பெண்களுக்கான தொடக்க அளவு 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. மருந்து சந்தைக்கு வந்து 20 ஆண்டு ஆன பிறகு.

2016இல் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்கள் புதிய விதியைக் கொண்டுவந்தன. அவற்றின் நிதி கேட்கும் ஆய்வாளர்கள் விலங்குச் சோதனையிலும் ஆண்-பெண் இரண்டையும் கருத்தில் கொள்ள வேண்டும், ஒன்றை மட்டும் பயன்படுத்தினால் வலுவான காரணம் காட்ட வேண்டும்.

இதில் செல்யேயின் இடம் விநோதமானது. ஸ்ட்ரெஸ் கோட்பாடு பிறந்ததே பெண் ஹார்மோனைத் தேடிய சோதனையில். அவருடைய பல பிற்காலச் சோதனைகளில் பெண் எலிகள்தான் இருந்தன. ஆனால் அந்தக் கோட்பாட்டை வைத்து மனிதர்களைச் சோதித்தவர்கள்? 1995க்கு முந்திய ஆய்வுக்கூட ஸ்ட்ரெஸ் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெண்கள் சுமார் 17 விழுக்காடுதான் என்று 2000இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஷெல்லி டெய்லரின் குழு சுட்டிக்காட்டியது.

செல்யேயின் திறமை, வித்தியாசங்களைத் தாண்டி ஒற்றுமையைப் பார்த்தது. குளிரோ காயமோ விஷமோ, உடம்பின் பதில் ஒன்று என்றார். அந்த எளிமைதான் அவருடைய கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஆனால் எல்லா உடம்பும் ஒரே மாதிரி என்று பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டபோது, அவர் பட்டியலில் எழுதிவைத்திருந்த 'ஆணா பெண்ணா' என்ற வரி கண்ணில் படாமல் போனது.

புகையிலைப் பணம்

இவ்வளவு சொல்லிவிட்டு இதை மறைக்கக்கூடாது.

1945இல் செல்யே மொன்ட்ரியல் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே தனக்கென ஒரு பெரிய ஆய்வுக்கழகத்தை 1976 வரை நடத்தினார். அவ்வளவு பெரிய கூடத்துக்கு நிதி தேவை. நிதி கொடுத்தவர்களில் புகையிலை நிறுவனங்களும் இருந்தன.

1969இல் கனடிய நாடாளுமன்றக் குழுவின் முன் செல்யே சாட்சியம் அளித்தார். புகைபிடித்தல் சிலருக்கு ஸ்ட்ரெஸ்ஸைச் சமாளிக்க உதவுகிறது என்ற வாதத்தை முன்வைத்து, புகையிலை விளம்பரங்கள் மீதான கட்டுப்பாடுகளுக்கும் எச்சரிக்கை வாசகங்களுக்கும் எதிரான பக்கம் நின்றார். அவருக்கும் புகையிலைத் துறைக்கும் இருந்த தொடர்பின் முழு அளவு, பல ஆண்டுகள் கழித்து, வழக்குகளால் பொதுவெளிக்கு வந்த அந்நிறுவனங்களின் ஆவணங்களில்தான் தெரிந்தது.

இதயம் எப்படிக் கெடுகிறது என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஒருவர், இதயத்தைக் கெடுக்கும் பொருளுக்குச் சாதகமாகப் பேசினார். அவருடைய ஸ்ட்ரெஸ் கோட்பாடு, சிகரெட்டின் மேல் விழ வேண்டிய பழியை மனத்தின் மேல் திருப்பிவிட அந்தத் துறைக்கு வசதியாக இருந்தது. ஆய்வு யாரில் நடந்தது என்பதோடு, யார் பணத்தில் நடந்தது என்பதையும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நோபெல் வராத வாழ்க்கை

1,700க்கும் மேற்பட்ட கட்டுரைகள், 39 நூல்கள். 1956இல் பொதுமக்களுக்காக அவர் எழுதிய ஸ்ட்ரெஸ் பற்றிய நூல் பல மொழிகளில் விற்றது. 1968இல் கனடாவின் உயரிய விருதைப் பெற்றார். நோபெல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. அவரிடம் முனைவர் பட்டம் படித்த ரோஜர் கீய்மெனுக்கு 1977இல் கிடைத்தது, மூளையின் ஹார்மோன்களைப் பற்றிய ஆய்வுக்காக.

எல்லா ஸ்ட்ரெஸ்ஸும் கெட்டதில்லை என்பதைக் கடைசிக் காலத்தில் அவர் அதிகம் வலியுறுத்தினார். விருப்பத்தோடு செய்யும் கடின வேலையையும் உடம்பை அரிக்கும் துன்பத்தையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். 1982ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி, மொன்ட்ரியலில், 75 வயதில் காலமானார்.

அவர் மறைந்து 8 ஆண்டு கழித்து, 1990இல், ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு விநோத இதயப் பாதிப்புக்குப் பெயர் வைத்தார்கள். நெருங்கியவரின் மரணம் போன்ற பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு, இதயத்தின் இடது கீழறை திடீரென்று பலூன்போல உப்பும். மாரடைப்பு மாதிரியே வலிக்கும், ஆனால் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்காது. ஜப்பானில் கணவாய் வகை உயிரான ஆக்டோபஸைப் பிடிக்கப் பயன்படும் பானையின் வடிவம் என்பதால் 'டாக்கோட்சுபோ' என்று பெயர்.

அது வருபவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் பெண்கள், பெரும்பாலோர் மாதவிடாய் நின்றவர்கள். ஆனால் ஆண்களுக்கு வந்தால் மருத்துவமனையில் மரணமடையும் ஆபத்து அதிகம். சூலகம் அகற்றப்பட்ட பெண் எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது, ஸ்ட்ரெஸ்ஸால் இதயத்துக்கு வரும் பாதிப்பு குறைந்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ஸ்ட்ரெஸ், பெருக்கும் இதயம், ஆண்-பெண் வித்தியாசம் மூன்றும் ஒரே நோயில் சந்தித்தன.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

'எலிகளில் வெற்றி, இதய நோய்க்குப் புது மருந்து' என்பது போன்ற செய்திகள் உங்கள் கைப்பேசியில் அடிக்கடி வரும். பகிர்வதற்கு முன்னால் இவற்றைப் பாருங்கள்:

- சோதனையில் ஆண், பெண் இரண்டு எலிகளும் இருந்தனவா? முடிவுகளைத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்களா?

- எலிகள் இளமையானவையா, வயதானவையா? இதய நோய் அதிகம் வருவது வயதானவர்களுக்கு.

- கொடுத்த அளவு, மனிதர்கள் எடுக்கக்கூடிய அளவோடு ஒப்பிடத்தக்கதா?

- பணம் கொடுத்தது யார்?

- மனிதர்களில் சோதித்திருந்தால், அதில் பெண்கள் எத்தனை பேர்?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதைப் படித்துவிட்டு அம்மாவின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். எல்லா மருந்திலும் ஆண்-பெண் வித்தியாசம் இருப்பதில்லை, இருந்தாலும் அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை. ஆனால் கேள்வி கேட்பது உங்கள் உரிமை. அடுத்த முறை அம்மாவோடு மருந்தகத்துக்குப் போகும்போது, இந்த மருந்தில் பெண்களுக்குத் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.